இந்த வீட்டில் களை இல்லை

செங்கோடன் அக்கா வீட்டுக்கு நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன். வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை என்பது அவன் கட்சி. அந்த வீட்டில் யாரும் அதை எதிர்த்து வழக்காடியதும் இல்லை.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. லாரிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்ட வருஷம் அது. நாமக்கல்லில் தெருவுக்குப் பத்து டிரைவர் இருந்த காலம் மலையேறிப் போய், ஸ்டீயரிங் பிடித்த கைகள் எல்லாம் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு முச்சந்தியில் நின்றன. செங்கோடனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கத் தேதி குறித்தபோதெல்லாம் நாக்பூருக்கோ கவுஹாத்திக்கோ லோடு வந்துவிடும். கேபின்தான் வீடு என்று இருந்தவனுக்குக் கேபின் போனதும் வீடும் போயிற்று. அக்கா பூங்கோதை போன் பண்ணி, வந்து நாலு நாள் இருடா என்றாள். வந்தான்.

வந்தவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதற்காக உருப்படியாக ஏதோ செய்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அக்கா மகள் நிறைமதியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகிற கார் தானாக ஓடுகிற கார். ஆனாலும் இவன் முன்சீட்டில் ஏறிக்கொண்டு வழியெல்லாம் அந்தக் காருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போவான். சாப்பிட உட்கார்ந்தால் எந்த மாநிலத்து லாரி எப்படி ஹாரன் அடிக்கும் என்று வாயாலேயே அடித்துக் காட்டுவான். அவன் சிரித்தால் மூன்றாம் வீட்டு நாய் எழுந்து குரைக்கும்.

வீட்டுக்காரர் நல்லசிவம் இதற்கு நேர்மாறு. கோழித் தீவனக் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு இருக்கலாம், புண்ணாக்கில் மண் எவ்வளவு இருக்கலாம் என்று அளந்து அளந்து, உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறவர். நல்ல மனிதர். பேச்சு கம்மி. பேசினால் பாடம் நடத்துவது போல இருக்கும், அவ்வளவுதான்.

காய்கறித் தோட்டம் என்ற பேச்சு ஒரு ரசத்தில் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு வரும் காய்கள் எல்லாம் அடுக்குமாடிப் பண்ணைகளில் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவை. ஒரு தக்காளிக்கும் இன்னொரு தக்காளிக்கும் அரை நூல் வித்தியாசம் இருக்காது. பூங்கோதை அதில் ரசம் வைத்தாள். நிறைமதி ஒரு வாய் வைத்துவிட்டு, கை கழுவ எதற்கும்மா சுடுதண்ணி வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். பூங்கோதைக்குக் கோபம் வந்தது, ஆனால் மகள் மேல் வரவில்லை. அந்த வாரமே பொடக்காளியில் தோட்டம் போடுவது என்று முடிவாயிற்று. பொடக்காளி என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லைதான். அதில் அதுவரை ஒரு துவைக்கிற கல்லும், செங்கோடன் தன் லாரியின் ஞாபகமாகக் கொண்டுவந்து போட்டிருந்த ஒரு பழைய டயரும் மட்டுமே விளைந்திருந்தன.

குடும்பமாகச் சேர்ந்து செய்கிற காரியம், எல்லாரும் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்று நல்லசிவம் அறிவித்தார். அறிவித்த கையோடு, அந்த வேலையைச் செய்வதற்கு ஒரு யந்திரத்தையும் வாங்கி வந்துவிட்டார்.

யந்திரம் ஒரு தாம்பாளத் தட்டின் அளவுதான் இருக்கும். எட்டுக் கால். பாத்திகளுக்கு நடுவில் செடியை மிதிக்காமல் பக்கவாட்டில் நகரும். பார்த்த மாத்திரத்தில் செங்கோடன் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தான். கம்பெனிக்காரன் வைத்த பெயர் அதோடு செத்துப்போயிற்று. அதற்குத் தமிழ் பேசத் தெரியும், ஆனால் அது வேளாண்மைப் பாடப்புத்தகத்தில் படித்த தமிழ்.

பெட்டியைப் பிரித்ததும் நண்டு கேட்ட முதல் கேள்வி, இல்லத்தில் மொத்தம் எத்தனை பேர் என்பது. எத்தனை வாய் என்று தெரிந்தால்தான் எத்தனை பாத்தி என்று கணக்குப் போடும்.

"மூணு பேர்" என்றார் நல்லசிவம்.

செங்கோடன் அப்போது நண்டு வந்த பெட்டியின் தெர்மாக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். நல்லசிவம் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரேஷன் கார்டிலிருந்து தண்ணீர் வரி வரைக்கும் இருபது இடத்தில் மூன்று என்று சொல்லிப் பழகிய வாய், அதுவாகச் சொல்லிவிட்டது. ஆனால் நண்டு விடவில்லை. நான்காவதாக ஒரு குரல் கேட்டதே என்றது.

நல்லசிவம் திரும்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்தது. "அது எங்க மாப்ள. ஊர்லிருந்து வந்திருக்காப்ல" என்றார்.

"மகிழ்ச்சி. விருந்தினர் எனப் பதிந்துகொண்டேன்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. தினமும் காலையில் செங்கோடன் பல் துலக்கப் பொடக்காளிக்கு வந்தால், நண்டு பக்கவாட்டில் ஓடிவந்து அவன் காலடியில் நிற்கும். "விருந்தினரே, தாங்கள் புறப்படும் நாள் தெரிந்தால் விதைப்பைத் திட்டமிட உதவியாக இருக்கும்" என்று சொல்லும். செங்கோடன் வாயில் நுரையோடு, இன்னும் நாலு நாள் என்பான். நண்டு நன்றி சொல்லிவிட்டுப் போகும். நாலு நாள் கழித்து மறுபடி கேட்கும். நிறைமதி இதைக் கேட்பதற்கென்றே சீக்கிரம் எழுந்துவந்து படியில் உட்கார்ந்து சிரிப்பாள். செங்கோடனும் சிரிப்பான். மூன்று வருஷமாக எல்லாரும் கேட்காமல் விட்ட கேள்வியை எட்டுக் கால் தகரம் ஒன்று கேட்கிறதே என்று உள்ளுக்குள் சுருக்கென்றும் இருக்கும்.

பாத்திகள் மூன்று. நல்லசிவத்துக்குக் கத்தரி, பூங்கோதைக்குத் தக்காளி, நிறைமதிக்கு வெண்டை. விதை முளைத்த கொஞ்ச நாளில் ஒரு மழை பெய்தது. மறுநாள் பாத்தி ஓரமெல்லாம் பண்ணைக்கீரை தானாகத் தலைகாட்டிற்று. செங்கோடனுக்கு வாயெல்லாம் பல். பண்ணைக்கீரைக் கடைசலென்றால் அவனுக்கு உயிர். ரெண்டு நாள் போகட்டும், நல்லா வரட்டும், பறித்துக் கடைந்து தருகிறேன் என்று அக்கா சொன்னாள். ரெண்டாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு இலை இல்லை. நண்டு பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டிருந்தது.

இதை ஏன் பிடுங்கியது என்று செங்கோடன் அங்கலாய்த்துக்கொண்டான். நிறைமதிதான் விளக்கம் சொன்னாள்.

"எது களை, எது செடின்னு கம்பெனிக்காரன் சொல்லிக் குடுக்க முடியாது மாமா. ஒரு வீட்டுக்குக் களையா இருக்கறது இன்னொரு வீட்டுக்குக் கீரையா இருக்கும். அதனால வீட்ல இருக்கறவங்க பேசறதக் கேட்டுக் கேட்டு அதுவே முடிவு பண்ணிக்கும். எதுக்கு என்ன பேரு, எது வேணும், எது வேண்டாம், எல்லாம் நம்ம வாயிலிருந்துதான் எடுத்துக்குது. சமையக்கட்டு ஜன்னல்ல ஒண்ணு மாட்டி வெச்சிருக்குதில்ல, அதான் அதோட காது. ரெண்டு நாள் போகட்டும், பறிக்கலாம்னு அம்மா சொன்னதும் அதுல விழுந்திருக்கும்."

"அப்படீன்னா நாம பேசறதெல்லாம் அதுக்குச் சட்டமா?"

"சட்டந்தான். பாத்துப் பேசுங்க."

பார்த்துப் பேச வேண்டியவர் நல்லசிவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து நண்டின் குரல் வந்தது. களை என்பதற்கு இவ்வில்லத்தின் விளக்கம் என்ன என்று கேட்டது. விளக்கம் என்ற சொல்லைக் கேட்டால் நல்லசிவம் சும்மா இருப்பாரா? தோசையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"களைங்கறது நாம நடாம தானா வர்றது. மத்ததுக்குப் போக வேண்டிய தண்ணி, உரம் எல்லாத்தையும் அது தின்னுக்கும். பூக்காது, காய்க்காது. ஆனா நட்டதை விட அதுதான் கொழுகொழுன்னு இருக்கும்."

சொல்லி முடித்தபோதுதான் செங்கோடன் தன் தட்டில் ஆறாவது தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தான். யாரும் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோசை அப்படியே கையில் நின்றுவிட்டது. பூங்கோதை கரண்டியை ஓங்கி அடுப்பு மேல் வைத்தாள். நல்லசிவத்துக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தார். முதலில் சிரித்தது செங்கோடன்தான். சத்தமாகச் சிரித்தான், நாய் குரைத்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஏழாவது தோசையை மட்டும் அவன் வேண்டாம் என்றான். அதைப் பூங்கோதை பார்த்துக்கொண்டாள்.

தோட்டம் நன்றாகத்தான் வந்தது. கத்தரி ஊதாவாகப் பூத்தது, வெண்டை மஞ்சளாகப் பூத்தது, தக்காளி குலைகுலையாகப் பிஞ்சு விட்டது. பூங்கோதைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈரோட்டில் இருக்கிற தன் தோழியைப் போனில் கூப்பிட்டு, சமையல்கட்டு ஜன்னல் பக்கத்தில் நின்று பெருமையடித்துக்கொண்டாள்.

"எங்க பொடக்காளியப் பாக்கோணுமே நீ. ஒரே பூவு. அப்படியே களைகட்டிருச்சு போ" என்றாள்.

மறுநாள் காலை பொடக்காளி மொட்டை போட்ட தலை மாதிரி இருந்தது. கத்தரி இல்லை, வெண்டை இல்லை, தக்காளி இல்லை. எல்லாம் வேரோடு குப்பைக் குழியில் கிடந்தன. நண்டு மண்ணைக் கொத்திச் சமன்படுத்திவிட்டுப் பெருமையாக ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. தோட்டம் முழுவதும் களை கட்டிவிட்டதாக அம்மா வருந்தினார்கள், ஆகவே அகற்றிவிட்டேன் என்றது.

பூங்கோதை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். நிறைமதி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். நல்லசிவம் நண்டுக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்தார். களை என்று இரண்டு இருக்கிறது, நீ பிடுங்குவது ஒன்று, அம்மா சொன்னது வேறு ஒன்று, அது நல்லது என்றார்.

"அந்த இரண்டாவது களையின் விளக்கம் என்ன ஐயா?"

நல்லசிவம் வாயைத் திறந்தார், மூடினார். கல்யாண வீட்டில் இருக்கும் என்றார். முகத்தில் இருக்கும் என்றார். எப்படி இருக்கும், எந்த நிறம் என்று நண்டு கேட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு ஒரு விளக்கம் வராமல் போயிற்று. பிறகு சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

மறுபடி விதைக்க வேண்டும். அன்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னல் பேசியது.

"ஐயா, புதிய விதைப்புக்குக் கணக்கிடுகிறேன். அடுத்த அறுவடையின்போது விருந்தினர் இங்கே இருப்பாரா?"

பூங்கோதை கடைக்குப் போயிருந்தாள். நிறைமதி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மேஜையில் இரண்டு பேர்தான். செங்கோடன் மச்சானைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தான். ஒரு பதில், ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது வரவில்லை. நல்லசிவம் மென்றுகொண்டே இருந்தார். நண்டு காத்திருந்துவிட்டு, விடை கிடைக்கவில்லை எனப் பதிகிறேன் என்றது.

செங்கோடன் கை கழுவிக்கொண்டு எழுந்தான். சாயங்காலமே காதருக்குப் போன் போட்டான். காதர் பழைய டிரைவர், இப்போது ஹூப்ளியில் நெடுஞ்சாலையோரம் தானியங்கி லாரிகள் வந்து நிற்கிற ஒரு கூடத்தில் இருந்தான். அங்கே ஆள் வேண்டியிருந்தது. லாரிக்குக் கண் துடைக்கிற வேலை.

அக்கா எவ்வளவோ சொன்னாள். ஏன்டா, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான், அது நிஜம். நல்லசிவம் வாசலில் நின்று, போகத்தான் வேண்டுமா மாப்ள என்று ஒரு தடவை கேட்டார். அவர் கணக்கில் அதுவே நீண்ட பேச்சு. நண்டு மட்டும் சந்தோஷப்பட்டது. புறப்படும் நாளைத் தெரிவித்தமைக்கு நன்றி, விருந்தினரே என்றது.

கண் துடைக்கிற வேலை சுலபமானது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கேபினில் யாரும் இருக்க மாட்டார்கள். முகப்பில் நாலைந்து கண்ணாடிக் கண்கள் இருக்கும். வழியெல்லாம் பட்ட புழுதியையும் பூச்சியையும் துடைத்துவிட வேண்டும். இவன் வேலையைப் பிடுங்கிக்கொண்டவைதான் அவை எல்லாம். ஆனாலும் துடைக்கும்போது அவற்றின் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. தூசி விழுந்த கண்ணைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. பார்த்துப் போ சாமி, தார்வார் தாண்டி வளைவு இருக்குது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லி அனுப்பினான். பதிலுக்கு அவை சிரிக்கவில்லை. அங்கே யாருமே சிரிக்கவில்லை. இவனும் மெதுவாக ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டான்.

நிறைமதி அவ்வப்போது பேசினாள். புதிய பாத்தியில் எல்லாம் முளைத்துவிட்டது என்றாள். காரில் தனியாகப் போவது போரடிக்கிறது என்றாள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். எல்லாம் நாலு நாளில் சரியாகிவிடும் என்று இவன் சொன்னான்.

அப்புறம் ஒருநாள், ஒரு பஞ்சாப் லாரியின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, போன் அடித்தது. எடுத்தால் நண்டு.

"வணக்கம் விருந்தினரே. ஓர் ஐயம்."

"என்ன நண்டு? புறப்படற தேதியா? அதான் பொறப்பட்டு வந்துட்டனே."

"களை என்றால் என்ன என்று தாங்கள் சொல்ல இயலுமா?"

செங்கோடன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "அதை உங்க ஐயா அன்னைக்கே சொல்லீட்டாரே. நடாம தானா வந்தது. மத்தவங்களதத் தின்னுட்டு, பூக்காம காய்க்காம கொழுகொழுன்னு இருக்கறது."

நண்டு அதைப் பதிந்துகொண்டது. பிறகு, "அப்படியானால் அது தாங்கள்தானா?" என்று கேட்டது.

செங்கோடன் தோளிலிருந்த துணியை எடுத்து ஒரு தடவை உதறினான். இத்தனை நாளாகத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டதுதான். ஆனாலும் இன்னொரு வாயிலிருந்து, அது தகர வாயாக இருந்தாலும், கேட்கும்போது வலித்தது. ஆமா நண்டு, நான்தான் என்று சொல்லிப் போனை வைத்தான். அன்றைக்கு வந்த லாரிகள் ஒன்றுக்கும் அவன் வழி சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டாள். நண்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, கம்பெனிக்காரனுக்கும் புரியவில்லை, நீ வந்து பார் என்றாள். வண்டி வாகனம் ரிப்பேர் பார்த்த கைதானே உனக்கு என்றாள். குரலில் கெஞ்சல் இருந்தது. நாலு நாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

பொடக்காளிக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இடுப்பளவுக்குக் காடு. கோரை, நாயுருவி, தும்பை, நெருஞ்சி, பார்த்தீனியம் என்று ஊரிலிருக்கிற களையெல்லாம் அங்கே கூடி மாநாடு போட்டிருந்தது. நண்டு நடுவில் அங்குமிங்கும் ஓடி அவற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. நெருஞ்சிக்கு உரம் வேறு. தக்காளி ஒரு மூலையில் வாடி வதங்கி, போனால் போகிறது என்று உயிரோடு இருந்தது. நல்லசிவம் மண்வெட்டியோடு நின்றிருந்தார். வெட்ட வெட்ட இது நட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். மெலிந்திருந்தார். பூங்கோதை தம்பியைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் நண்டு இப்படிப் பண்றே?" என்று கேட்டான் செங்கோடன்.

நண்டு தண்ணீரை நிறுத்தியது.

"விருந்தினர் சென்ற நாள் முதல் இவ்வில்லத்தார் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். வீட்டில் களையே இல்லை. முதலில் அதை என் பணிக்குக் கிடைத்த பாராட்டு என்று எண்ணினேன். ஆனால் அம்மா அதைச் சொல்லி அழுதார்கள். பாப்பா அதைச் சொல்லிச் சோற்றை ஒதுக்கினார். ஐயா அதைச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார். களை இல்லாதது இவர்களுக்குத் துன்பம் என்று அறிந்துகொண்டேன். ஆகவே வளர்த்தேன்."

நிறைமதி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு வளர்த்தும் மறுநாளும் களை இல்லை என்றே சொன்னார்கள். ஆகவே ஐயா தந்த விளக்கத்தை மீண்டும் பார்த்தேன். நடாமல் தானே வந்தது. பிறர்க்குரியதை உண்பது. காய்க்காதது. கொழுத்திருப்பது. இவ்வில்லத்தில் அந்த விளக்கத்துக்குப் பொருந்தியவர் ஒருவரே. உறுதி செய்ய அவரையே கேட்டேன். நான்தான் என்று ஒப்புக்கொண்டார்."

நல்லசிவத்தின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தோசை, எல்லாரும் தன்னைப் பார்த்த பார்வை, இப்போதுதான் அவருக்கு விளங்கியது. முகம் கறுத்துப்போயிற்று. செங்கோடன் பக்கம் இரண்டடி வந்தார்.

"மாப்ள, நான் உன்னச் சொல்லல. சத்தியமா உன்னச் சொல்லல."

"எனக்குத் தெரியுங்க மச்சா" என்றான் செங்கோடன். "ஆனா அன்னைக்கு மத்தியானம் அது கேட்டப்ப நீங்க வாயே தொறக்கலையே. இருப்பானான்னு கேட்டதுக்கு."

நல்லசிவம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்து யோசித்து, கண்டுபிடித்தார்.

"வாயில முருங்கக்கா இருந்துச்சு மாப்ள."

"என்னங்க?"

"முத்துன காயி. மென்னு சக்கையத் துப்பறதுக்குள்ள நீ எந்திரிச்சுப் போயிட்ட."

முதலில் சிரித்தது பூங்கோதை. அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு. நிறைமதி படியில் உட்கார்ந்துவிட்டாள். செங்கோடன் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்த முடியவில்லை. ஒரு துண்டு முருங்கைக்காய்க்காக ஹூப்ளி வரைக்கும் போய் லாரிக்குக் கண் துடைத்தோமே என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு பொங்கியது. ரொம்ப நாளைக்கு அப்புறம் மூன்றாம் வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

சிரிப்பு அடங்கும் வரை நண்டு பொறுத்திருந்தது. இரண்டாவது களையின் விளக்கம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று நினைவூட்டியது.

நல்லசிவம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் பாடம் நடத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டுக்கும் பாதி ஒண்ணுதான் நண்டு. ரெண்டும் நாம நட்டு வர்றதில்ல, தானா வர்றதுதான். ஆனா இந்த ரெண்டாவது இருக்கே, அது வீட்ல இருக்கறப்ப இருக்கறதே தெரியாது. போனதுக்கப்புறந்தான் தெரியும். அதைப் புடுங்கக் கூடாது. எப்பவும் புடுங்கக் கூடாது. எழுதிக்க."

"பதிந்துகொண்டேன் ஐயா. இல்லத்தில் எத்தனை பேர் என்பதையும் மாற்றவா?"

"மாத்து. நாலு."

அன்றைக்குச் சாயங்காலம் வரை நாலு பேரும் இறங்கிக் காட்டை வெட்டினார்கள். நண்டை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். நெருஞ்சி முள் குத்தி நல்லசிவம் ஒரு காலில் குதித்தார். எல்லாரும் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்று ஆரம்பத்தில் அவர் அறிவித்தது அன்றைக்குத்தான் நடந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் செங்கோடன் நாகாலாந்து லாரி ஹாரன் அடித்துக் காட்டினான். எட்டாவது தோசைக்கு மாவு போதவில்லை. கண் துடைக்கிற வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி காதரிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை பல் துலக்கப் பொடக்காளிக்கு வந்தான். மண் சுத்தமாக இருந்தது. மூன்று பாத்திக்குப் பக்கத்தில் புதிதாக நாலாவது ஒன்று, அவனுடைய பழைய டயரைச் சுற்றி. நண்டு பக்கவாட்டில் ஓடிவந்து காலடியில் நின்றது. செங்கோடன் வாயில் நுரையோடு, வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதிலைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"காலை வணக்கம், களையே. தங்கள் பாத்தியில் என்ன விதைக்கலாம்?"

அவன் நுரையைத் துப்பினான். "ஏன் நண்டு, புறப்படற தேதி கேக்கலியா?"

"களைக்கு அது தேவையில்லை. எத்தனை முறை பிடுங்கினாலும் திரும்ப வந்துவிடும் என்று என் பாடத்திலேயே இருக்கிறது."

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. டயரின் மேல் உட்கார்ந்து ஈர மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தான். உள்ளே அக்கா அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

"பண்ணைக்கீரை போடு" என்றான்.

"அது களையாயிற்றே."

"ஆமா நண்டு. எங்க பங்காளிதான், போடு."